மணக்காத மல்லிகை

அப்பா இறந்தபின் ஒரே கனவு திரும்பத் திரும்ப வந்தது. நிலக்கோட்டை பூ மார்க்கெட். அப்பா தராசில் மல்லிகை நிறுத்துக்கொண்டிருப்பார். காலையில் எழுந்ததும் நோட்டில் குறித்துவைத்தேன். எழுதியதைப் படித்தபோதுதான் தெரிந்தது: எந்தக் கனவிலும் பூ மணக்கவில்லை.

1975இல், இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில், தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் முன்பே பேசிவைத்தபடி கண்களை இடமும் வலமும் அசைத்து, கனவில் இருப்பதைத் தெரிவித்தார். கீத் ஹெர்ன் அதைக் கருவியில் பதிவுசெய்தார். பின்னால் அமெரிக்காவில் ஸ்டீபன் லாபெர்ஜ் சொன்ன வழி எளியது: கனவில் திரும்ப வருகிற அடையாளத்தைக் கண்டுபிடி, அடுத்தமுறை அதைப் பார்த்ததும் இது கனவு என்று உணரத் தீர்மானித்துத் தூங்கு.

என் அடையாளம் மணமின்மை. பகலிலும் பூக்கடைகளில் நின்று, இது கனவா என்று கேட்டுக்கொண்டு முகர்ந்து பழகினேன். சில வாரம் கழித்து ஒரு விடியலில், கனவுக்குள், குனிந்து முகர்ந்தேன். மணமில்லை. கனவு என்று தெரிந்துவிட்டது. அப்பா இல்லை என்பதும் கூடவே தெரிந்துவிட்டது. கேட்க வைத்திருந்த கேள்வி வாயில் நின்றது. பதிலையும் நான்தானே சொல்லப்போகிறேன்?

அப்பா நிமிர்ந்து, ‘என்னடா?’ என்றார்.

‘ஒண்ணுமில்லப்பா.’

முகராமலிருக்கத்தான் இப்போது பழகிக்கொண்டிருக்கிறேன்.