கேஸ் சிலிண்டரும் ஒரு டம்ளர் தண்ணீரும்

என் வீட்டுக்காரிக்கு 2021 கொரோனாவில் போன மோப்பம் திரும்பி வரவேயில்லை. காய்ச்சல் ஐந்து நாளில் விட்டது. இருமல் ஒரு மாதம் இருந்தது. வாசனை மட்டும் போனது போனதுதான். ரசம் நுரை கட்டுவதைக் கண்ணால் பார்த்து இறக்குகிறாள். பால் தீய்ந்தால் நான் முன்னறையிலிருந்து குரல் கொடுக்க வேண்டும். காது மூக்கு தொண்டை டாக்டர், "வயசும் சேந்துக்கிட்டும்மா, பழகிக்கிடுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். பழகியும் விட்டோம். ஆனால் கேஸ் விஷயத்தில் அப்படிப் பழகிவிட முடியாது என்பது போன வருடம் கார்த்திகை மாதம் தெரிந்தது.

கேஸ் நாற்றம் என்று நாம் சொல்கிறோமே, அது கேஸின் நாற்றமே இல்லை. சிலிண்டரில் இருக்கும் வாயுவுக்குச் சொந்தமாக வாசனை ஏதும் கிடையாது என்றே சொல்லலாம். கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காக எத்தில் மெர்காப்டன் என்ற ஒரு நாறும் சரக்கைத் துளி சேர்க்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான், மூக்கு உள்ளவர்களுக்கு.

அன்று மத்தியானம் நான் பேங்குக்குப் போயிருந்த நேரத்தில் ரெண்டாவது சிலிண்டர் வந்திருக்கிறது. வழக்கமாக வருகிற ஆள் இல்லை, புதுப் பையன். அடுக்களை மூலையில் இறக்கி வைத்துவிட்டு, போனில் வந்த நாலு நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டான். சாயங்காலம் ஐந்தரை மணிக்கு நான் நடையில் கால் வைக்கும்போதே குப்பென்று அடித்தது. உள்ளே இவள் அகல் விளக்குகளுக்கு எண்ணெய் விட்டு, திரி போட்டு, தீப்பெட்டியையும் பக்கத்தில் எடுத்து வைத்திருந்தாள். வாசலில் விளக்கு வைக்க வேண்டிய நேரம். "அதத் தொடாத, வெளிய வா" என்றேன். என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள்.

முன் கதவு, பின் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்தேன். எந்த ஸ்விட்சையும் தொடவில்லை. இந்த நேரத்தில் லைட்டைப் போடுவதும் அணைப்பதும் ஒன்றுதான், ரெண்டிலும் பொறி வரும். மெயின் எங்களுக்கு வெளியே மீட்டர் பக்கத்தில் இருப்பதால் அதை மட்டும் இறக்கினேன். இந்த கேஸ் காற்றைவிடக் கனம். மேலே போகாது, தண்ணீர் மாதிரி தரையோடு படர்ந்து கிடக்கும். அதனால்தான் நிற்கிற ஆளைவிடக் குனிகிற ஆளுக்கு முதலில் தெரியும். சிலிண்டரில் பிளாஸ்டிக் சீல் கிழியாமல் அப்படியே இருந்தது. அதற்கு உள்ளே, நூல் கட்டிய வெள்ளை மூடிதான் பாதி உட்கார்ந்தும் உட்காராமலும் சரிந்து கிடந்தது. சீலைக் கிழித்து மூடியை அழுத்தினேன். 'டக்'கென்று உட்கார்ந்தது, 'உஸ்' சத்தமும் நின்றது. புறவாசலுக்கு உருட்டிக் கொண்டுபோய்த் திறந்த வெளியில் வைத்துவிட்டு, தெருவில் நின்று 1906-க்குப் போன் போட்டேன். (இந்த நம்பரை அடுக்களைக் கதவில் எழுதி ஒட்டிவையுங்கள். கேஸ் கசிவுக்கென்றே உள்ள நம்பர்.)

மெக்கானிக் வந்து மூடியைக் கழற்றி, வால்வு வாய் நிறையத் தண்ணீர் விட்டார். சோற்றுப் பானை மாதிரி கொப்புளம் வந்தது. "உள்ள பின்னு சரியா உக்காரல சார். சீலப் பாத்தாத் தெரியாது, தண்ணி விட்டாத்தான் தெரியும்" என்றார். சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் ஏஜென்சியில் என்ன சொன்னார்கள் தெரியுமா? "நம்பர் சொல்லிட்டீங்கன்னா சரிபாத்து வாங்குனதாத்தான் சார் கணக்கு. சீலும் கிழிஞ்சிருக்கு." கிழிக்காமல் எப்படி ஐயா மூடியை அழுத்துவது?

நான் 36 வருஷம் தபால் ஆபீஸில் இருந்தவன். பார்சல் சேதமாக வந்தால் வாங்குகிறவர் முன்னாலேயே எடை போட்டு, திறந்து காட்டி, எழுதி வாங்கிக்கொண்டுதான் கொடுப்போம். நூறு ரூபாய்ப் பொருளுக்கு அவ்வளவு சடங்கு. வெடிக்கக்கூடிய சாமானுக்கு நாலு நம்பர் போதுமாம். சத்தம் போடவில்லை, கடிதம் எழுதினேன். கன்ஸ்யூமர் நம்பர், டெலிவரி நேரம், மெக்கானிக் சீட்டு நம்பர் எல்லாம் போட்டு ஏஜென்சிக்கு ஒன்று, கம்பெனிக்கு ஒரு நகல், ரெண்டும் ரிஜிஸ்டர் தபாலில். மூன்றாம் நாள் மாற்றுச் சிலிண்டர் வந்தது, காசு கேட்கவில்லை. கூடவே ஒரு போன்: "அந்தப் பையன வேலைய விட்டு எடுத்தாச்சு சார்."

அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. முப்பது கிலோ இரும்பைத் தோளில் தூக்கி மூணு மாடி ஏறுகிறவன் அவன். வண்டியில் தராசு கிடையாது. தண்ணீர் விட்டுப் பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லிக் கொடுத்ததும் கிடையாது. நிரப்பிய இடத்தில் வந்த கோளாறுக்குக் கடைசியில் நிற்கிறவன் தலையா? அதற்கும் ஒரு கடிதம் எழுதினேன். ஆளை எடுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை, தராசும் பயிற்சியும் கொடுக்கச் சொல்லித்தான் கேட்கிறேன் என்று.

இப்போது எங்கள் வீட்டில் சிலிண்டர் வந்தால் வாசலைத் தாண்டாது. எடை என் இலாகா. காலி சிலிண்டர் எடை அதன் மேலேயே எழுதியிருக்கும். 15.3 என்றிருந்தால் அதோடு 14.2-ஐக் கூட்டி 29.5 வர வேண்டும். அடுத்து, மேல் வளையத்தைத் தாங்குகிற மூன்று தகடுகளில் ஒன்றின் உட்பக்கம் ஓர் எழுத்தும் வருஷமும் இருக்கும். A என்றால் மார்ச் வரை, B ஜூன், C செப்டம்பர், D டிசம்பர். D-27 என்றால் 2027 டிசம்பருக்குள் அந்தச் சிலிண்டரைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று அர்த்தம். தேதி தாண்டியது வந்தால் வாங்க வேண்டாம். அப்புறம் வால்வுக்குள் இருக்கிற கறுப்பு ரப்பர் வாஷர். வெடித்திருந்தாலோ விட்டுப் போயிருந்தாலோ ரெகுலேட்டர் மாட்டிய பிறகு கசியும். டெலிவரி ஆளிடமே மாற்றச் சொல்லலாம், ஒரு நிமிட வேலை. ரெகுலேட்டர் மாட்டிய இடத்தில் சோப்பு நுரை தடவிப் பார்ப்பது இவள் வேலை. சிலர் தீக்குச்சி கிழித்துப் பார்ப்பார்கள். அந்தத் தைரியசாலிகளிடம் எனக்குப் பேச்சில்லை.

விஷயம் கேள்விப்பட்டு மகன் பெங்களூரிலிருந்து ஒரு கேஸ் அலாரம் வாங்கி வந்து, புகை அலாரம் என்று நினைத்துக் கூரையை ஒட்டி மாட்டிவிட்டுப் போனான். தரையோடு போகிற கேஸ் கூரைக்கு எப்போது வந்து மணி அடிப்பது? எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுத் தரையிலிருந்து ஒரு அடி உயரத்துக்கு இறக்கினேன். கொசு மருந்து அடித்தாலும் கத்துகிறது. கத்தட்டும்.

அந்தப் பையன் தை மாதம் மறுபடி வண்டியில் வந்தான். கொக்கித் தராசு ஒன்று தொங்கியது. சிலிண்டரை இறக்கியதும், "அம்மா, நம்பரு?" என்றான்.

இவள் டம்ளர் தண்ணீரோடு வாசலில் நின்றாள். "மொதல்ல தண்ணிய ஊத்து தம்பி. கொப்புளம் வருதான்னு பாத்துட்டுச் சொல்லுதேன்."