தான்தோன்றி

மாங்குளச் சந்தியில் கண்டி வீதியை விட்டுக் கிழக்கே திரும்பி, இருமருங்கும் பாலையும் வீரையும் செறிந்த காட்டினூடே முல்லைத்தீவை நோக்கிப் பிரயாணம் செய்கிறவர்கள், ஒட்டுசுட்டானை அடைந்ததும் தான்தோன்றீசுவரர் சந்நிதியில் சற்று நின்று போவது வழக்கம். ஐப்பசி முதல் மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில் நானும் அவ்வாறே இறங்கினேன். குரக்கன் அறுத்த ஒருவன் எஞ்சிய ஒட்டுகளைக் குவித்துத் தீயிட்டானென்றும், அவ்விடத்திலே இலிங்கம் தானாகத் தோன்றிற்றென்றும், அதனாலேயே ஊருக்கு இப்பெயர் வாய்த்ததென்றும் ஊரார் ஐதிகம் சொல்லுவர். மலையிலோ நதிமூலத்திலோ அன்றி, உழவன் வேண்டாமென்று குவித்த குப்பையில் தெய்வம் வெளிப்பட்டதாகச் சொல்லும் இக்கதை, கேட்ட நாள்முதல் என் மனத்துக்கு மிகவும் உகந்ததாக இருந்துவருகிறது.

கோயிலுக்கு அப்பால், வயல்வெளிக்குப் போகும் வண்டிப்பாதையில், விடியற்காலையில் மாடுகள் நடந்த தடத்தில் புதுச் சாணகம் கிடந்தது. அதனருகே, விரல் நகத்தினும் சிறிது பெரிதான கருவண்டு ஒன்று, தன் உடம்பைக் காட்டிலும் பருத்த உருண்டையொன்றைப் பின்கால்களால் உந்திக்கொண்டு, முன்கால்களை நிலத்தில் ஊன்றித் தலைகீழாகப் பின்னோக்கி நடந்துகொண்டிருந்தது. சிறு மேட்டில் உருண்டை சரிந்தது. வண்டும் கூடவே புரண்டது. பின் எழுந்து, உருண்டையின் உச்சியில் ஏறி ஒரு சுற்றுச் சுற்றி, இறங்கி, விட்ட திசையிலேயே உந்தத் தொடங்கிற்று. அவ்வாறு ஏறிச் சுற்றுவது திசையறிவதற்கே என்று விஞ்ஞானிகள் கண்டிருக்கிறார்கள். இக்குடும்பத்தைச் சேர்ந்த ஆபிரிக்க வண்டு ஒன்று, நிலவில்லாத இரவில் பால்வீதியின் ஒளியைத் துணைக்கொண்டு நேர்வழி செல்வதை 2013ஆம் ஆண்டில் நிரூபித்தும் காட்டினார்கள். தும்பியை நண்டோடு சேர்த்து நாலறிவுயிர்களின் வரிசையில் வைத்த தொல்காப்பியர் இதைக் கேட்டிருப்பாராயின் ஆனந்தங் கொண்டிருப்பார்.

நைல் நதிக்கரையில் இதே காட்சியைக் கண்ட எகிப்தியர், நாம் அருணனைச் சூரியனுக்குச் சாரதியாக்கியது போல ஆக்கி அமையாது, சாணக உருண்டையை உருட்டுகிறவனையே உதயசூரியனாக்கி, கெப்ரி என்று பெயரிட்டு வணங்கினர். அப்பெயருக்கு மூலமான ‘கெப்பெர்’ என்னும் வினைக்கு உண்டாகுதல், ஆகுதல் என்பன பொருள். அதை எழுதுதற்குரிய எழுத்தோ வண்டின் உருவமே. ஆண் பெண் சேர்க்கையின்றி உருண்டையினுள்ளிருந்து அது தானே பிறக்கிறதென்று பழையோர் நம்பினர். ஒட்டுசுட்டானில் நின்றுகொண்டு அதற்குத் தமிழில் ஒரு பெயர் தேடுகிறவன் நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. வெள்ளம் வடிந்த சேற்றில் உழுது விதைத்து, கால்நடைகளை ஓட்டி விதையை மிதிப்பித்த அந்த எகிப்திய உழவருக்கு, வயலின் உரம் நதி கொண்டுவந்த வண்டலிலேயே இருந்தது. ஆகவே வண்டை அவர்கள் எருவிடும் தொழிலாளியாக அன்றி, மண்ணுக்குள் புகுந்து மறுபடி எழும் உயிரின் பிரதிமையாகவே கண்டார்கள் என்பது என் அபிப்பிராயம். இறந்தவனுடைய இருதயம் அவனுக்கெதிராகச் சாட்சி சொல்லாதிருக்கும்படி, மந்திரம் பொறித்த கல்வண்டை அவன் மார்பில் வைத்ததும் இந்நம்பிக்கையினாலன்றோ!

குளங்களால் உயிர்வாழும் வன்னியில் நின்று நினைக்கும்போது, மூன்றாம் அமென்ஹோதெப் என்னும் மன்னனுடைய செய்கை ஒன்று எனக்கு மிகவும் நெருங்கியதாகத் தோன்றுகிறது. கிறிஸ்துவுக்கு முன் 14ஆம் நூற்றாண்டில் ஆண்ட அவன், தன் 11ஆம் ஆட்சியாண்டில், வெள்ளப் பருவத்தின் மூன்றாம் மாதத்தில், அரசி தியேயின் பொருட்டு 3,700 முழம் நீளமான ஏரியொன்றை அமைப்பித்து, அதைத் திறந்து விழாக் கொண்டாடிய செய்தியைக் கல்லில் வெட்டிய வண்டுகளின் வயிற்றில் பொறித்து நாடெங்கும் அனுப்பினான். கனகராயன் ஆற்றை மறித்து 1902இல் தொடங்கி, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் உழைத்துக் கட்டிய இரணைமடுக் குளத்துக்கு அப்படியொரு வண்டு இல்லை. கார்னாக் ஆலயத்தின் திருக்குளத்தருகே, அம்மன்னன் காலத்துப் பெருங்கல்வண்டு இன்றும் பீடத்தின்மேல் அமர்ந்திருக்கிறது. அந்நியர் பலர் அதை வலம் வருகின்றனர்.

தானே தோன்றும் கதையை முடித்து வைத்தவர் பிரான்சு தேசத்துப் பூச்சியியல் அறிஞர் ஃபாப்ர். பல்லாண்டுகள் காத்திருந்தும் அவருக்குப் பிடிபடாத இரகசியத்தை, ஆடு மேய்க்கும் இளைஞன் ஒருவன் மண்ணைக் கிளறி, பேரிக்காய் வடிவமான சிறு உருண்டையாக அவர் கையில் கொண்டுவந்து வைத்தான். அதன் ஒடுங்கிய கழுத்தில் தாய் இட்ட ஒற்றை முட்டை இருந்தது. புழு அந்தச் சாணத்தையே உண்டு வளர்ந்து வண்டாகிறது. ஆயினும் மழைநீர் ஊறி ஓட்டை இளக்கினாலன்றி அதனால் வெளிவர இயலாதென்றும் அவர் கண்டறிந்தார்.

நான் குனிந்து நின்றதைக் கண்டு, வரம்பில் வந்த முதியவர் ஒருவர், “என்ன தம்பி, ஏதும் விழுத்திப் போட்டியளோ?” என்றார். வண்டைக் காட்டினேன்.

“உதோ! மாடு நிண்டால் உதுகளும் நிக்கும். 2009இல, சண்டை நேரம், மாடுகளை அவிட்டு விட்டிட்டுத்தான் போனனாங்கள். திரும்பி வரேக்க வயலெல்லாம் ஒரே பத்தை. வெட்டிப்போட்டு மண்வெட்டியாலை கொத்தினால், மண் கறுத்துப் பொதுபொதுவெண்டு கிடந்தது, தம்பி. ஆளில்லாத வயல்லை ஆர் எரு போட்டது?”

அவருக்கு நான் மறுமொழி கூறவில்லை; அவரும் எதிர்பார்க்கவில்லை. வெயிலில் கிடந்து உலரும் சாணம் தன் தழைச்சத்திற் பெரும்பகுதியைக் காற்றுக்குக் கொடுத்துவிடுகிறது. வண்டு புதைத்ததோ வேருக்கு எட்டுகிறது. அது தோண்டிய துளைகளின் வழியே மழை உள்ளிறங்குகிறது, ஈக்கள் பெருகும் இடமும் குறைகிறது. 1788இல் மாடுகள் சென்றிறங்கிய அவுஸ்திரேலியாவில், கங்காருவின் உலர்ந்த சாணத்துக்கே பழகிய வண்டுகள் மாட்டுச் சாணத்தைப் பெரும்பாலும் தீண்டாமையால் மேய்ச்சல் நிலங்கள் கெட்டு, 1960களின் பிற்பகுதியிலிருந்து ஆபிரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வண்டுகளை வருவிக்க நேர்ந்தது. உழுவதைக் காட்டிலும் எருவிடுதல் நன்று என்றார் வள்ளுவர். 2021இல் இலங்கை அரசு இரசாயன உரத்தின் இறக்குமதியை ஒரே வீச்சில் தடுத்தபோது எருவின் அருமையை நாடு முழுவதும் உணர்ந்தது. எருவை மண்ணிற் சேர்ப்பவனைப் பற்றி மட்டும் எவரும் பேசக் கேட்டிலேன். மாட்டின் குடற்புழுவுக்குக் கொடுக்கும் ஐவர்மெக்டின் சாணத்தின் வழியே வெளியேறி, வண்டின் குஞ்சுப் புழுக்களையும் கொல்லுகிறது. மருந்தை அறவே நீக்கச் சொல்லேன். மந்தை முழுவதற்கும் ஒரே நாளில், அதுவும் மழைக்காலத்து வண்டுகள் எழும் வேளையில், கொடாதிருக்கலாமே என்று முதியவரிடம் சொன்னேன். அவர் தலையசைத்து, “பொடியனுக்குச் சொல்லிப் பாக்கிறன்” என்றார்.

இதற்குள் வண்டு வரம்பின் அடியில் மண் இளகிய இடமொன்றைத் தேர்ந்து, உருண்டையின் கீழே பறித்துப் பறித்து, அது சிறிது சிறிதாக அமிழ, தானும் மறைந்துவிட்டது. கிழக்கே நந்திக்கடற் பக்கம் வானம் இருண்டு வந்தது. “போங்கோ தம்பி, நனையப் போறியள்” என்றார் முதியவர். தாம் போகவில்லை; வரம்பிலேயே, மண் புதிதாகக் கிளறிக் கிடந்த அந்த இடத்தைத் தாண்டி ஓரடி தள்ளி, மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார்.