ஜாமீன் கையெழுத்து

எனக்கு ஊர் பண்ருட்டி பக்கம் அண்ணாகிராமம். தீயணைப்புத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். சம்பளம் கைக்கு வருமுன்பே பணியாளர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கத்துக்குப் பிடித்துவிடுவார்கள். பங்குத்தொகை, சிக்கனச் சேமிப்பு, கடன் தவணை எல்லாம் அதில் அடக்கம். கந்துவட்டிக்காரன் எங்கள் வாசலை மிதிக்காததற்கு அதுதான் காரணம்.

கடனுக்கு நகை வேண்டாம். சக பணியாளர் ஜாமீன் போட்டால் போதும். "அண்ணே, ஒரு கையெழுத்து. தங்கச்சி கல்யாணம்" என்றான் கூட வேலை பார்த்த தம்பி. அவன் ஏணியில் ஏறும்போது கீழே பிடித்துக்கொண்டு நின்றவன் நான். கையெழுத்துக்கா யோசிப்பேன்?

பிறகு அவனுக்கு வெளிமாவட்டத்துக்கு மாறுதல். எல்.பி.சி. என்கிற கடைசி ஊதியச் சான்றில் கடன் விவரம் விட்டுப்போனது. அங்கே பிடித்தம் இல்லை. ஐந்தாம் மாதம் என் சம்பளத்தில் கை வைத்தார்கள். வீட்டில் வாங்கிய பேச்சு தனிக்கதை.

விஷயம் தெரிந்ததும் தம்பி ஓடி வந்தான். இரண்டு ஊர்ச் சங்கச் செயலாளர்களும் கடிதம் எழுதிக்கொண்டார்கள். புது ஊர்ச் சங்கம் அவனுக்குக் கடன் கொடுத்து இங்கிருந்த பாக்கியை அடைத்தது. பிடித்த பணம் எனக்குத் திரும்பியது.

கூட்டுறவுகள் ஒன்றுக்கொன்று உதவ வேண்டும் என்பதை 1966-லேயே சர்வதேசக் கூட்டுறவு அமைப்பு கொள்கையாகச் சேர்த்துவிட்டது. அமெரிக்காவில் தீயணைப்பு வீரர்களுக்கென்றே கிரெடிட் யூனியன்கள் உண்டு. அந்நாட்டில் பல யூனியன்கள் தங்கள் கிளைகளைப் பிற யூனியன் உறுப்பினர்களுக்கும் திறந்துவிடுகின்றன. நமக்கோ இரண்டு செயலாளர்களின் நல்ல மனசு!

பலாப்பழ சீசனுக்குத் தம்பி இப்போதும் வருவான். "மறுபடி ஜாமீன் கேட்டா போடுவீங்களாண்ணே?" என்றான் போன முறை.

"பேனா வீட்ல இல்லன்னு சொல்லுங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.