பத்து சென்ட் காசோலை

மேடிசன், விஸ்கான்சின்



செப்டம்பர் பிறந்தால் எங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் மாணவர் அமைப்புகளின் சந்தை கூடிவிடும். கூடைப்பந்து ஆடும் கோல் சென்டர் அரங்கில் வரிசையாக மேசைகளைப் போட்டு, போவோர் வருவோரையெல்லாம் கூவி அழைப்பார்கள். பைபிள் படிக்கிறவர்கள் ஒரு பக்கம், கடவுளே இல்லை என்பவர்கள் ஒரு பக்கம். மெண்டோட்டா ஏரியில் பாய்மரப் படகு விடும் ஹூஃபர்ஸ் சங்கம் 1931இல் தொடங்கியது, இன்றும் ஆள் பிடிக்கிறது. புதிதாக வந்த பிள்ளை ஒரு சுற்று முடிப்பதற்குள் பத்து இடத்திலாவது பெயர் கொடுத்திருக்கும். அக்டோபரில் ஒன்றிரண்டில் மிஞ்சினால் உண்டு. அதுவே போதும்.

"சங்கம் கிங்கமென்று அலையாமல் படிக்கிற வழியைப் பாரு" என்று தாய்நாட்டிலிருந்து அப்பாக்கள் சொல்வார்கள். தலைமைப் பண்பு வளரும், வேலைக்கு விண்ணப்பிக்கும்போது உதவும் என்று இங்குள்ளவர்கள் சொல்வார்கள். இரண்டுமே எனக்குச் சரியாக ஒட்டவில்லை. பிள்ளைகள் இதில் கற்பது வேறு: ஊர்ப் பணத்தைக் கேட்டு வாங்கவும், கேட்டவர்களுக்குக் கொடுக்கவும், கடைசிக் காசு வரை கணக்குச் சொல்லவும் பழகுகிறார்கள்.

படிப்புக் கட்டணத்தோடு ஒவ்வொரு மாணவரும் தனிக் கட்டணம் ஒன்றும் கட்ட வேண்டும். அதில் ஒரு பங்கு அமைப்புகளுக்குப் போகிறது. பிரித்துக் கொடுப்பது மாணவர்களின் நிதிக்குழு.

இந்தப் பணத்தை வைத்து நடந்த கூத்துக்கு இந்த ஊர் பேர்போனது. 1978இல் ஜிம் மாலன், லியோன் வார்ஜியன் என்ற இரு மாணவர்கள் 'வாளி, மண்வெட்டிக் கட்சி' என்று ஒன்றைத் தொடங்கி மாணவர் பேரவைத் தேர்தலில் நின்றார்கள். பேரவைப் பணம் முழுவதையும் ஒரு சென்ட் நாணயங்களாக மாற்றி நூலகத் திடலில் கொட்டுவோம், வாளியும் மண்வெட்டியும் கொண்டுவந்து அள்ளிக்கொள்ளுங்கள் என்பது வாக்குறுதி. ஜெயித்தும் விட்டார்கள்! மறு வருடம் பிப்ரவரியில் அவர்கள் கைவண்ணத்தில் உறைந்த ஏரியின் மேல் சுதந்திர தேவி சிலையின் தலையும் தீப்பந்தம் ஏந்திய கையும் மட்டும் எழுந்து நின்றன, மீதி உடம்பு பனிக்கட்டிக்கு அடியில் கிடப்பதுபோல. அதே ஆண்டு வளாகத்திலுள்ள பாஸ்கம் குன்றின் புல்வெளியில் 1,008 பிளாஸ்டிக் பூநாரைகளை நட்டுவைத்தார்கள். எங்கள் காசை இப்படியா வீணடிப்பது என்று சிலர் சண்டைக்கு வந்தார்கள். சிலைச் செலவில் ஆளுக்குப் பத்து சென்ட்தான் வருகிறது என்று கணக்குப் போட்ட வார்ஜியன், கேட்டவர்களுக்குப் பத்து சென்ட்டுக்குக் காசோலை எழுதிக் கொடுத்தார். கிண்டல்தான், ஆனால் பதில் சொல்லாமல் நழுவவில்லை. 2009இல் பிளாஸ்டிக் பூநாரையையே நகரின் அதிகாரபூர்வப் பறவையாக மாநகர மன்றம் அறிவித்தது தனிக்கதை.

அடுத்த சண்டை உச்ச நீதிமன்றம் வரை போனது. ஸ்காட் சவுத்வொர்த் என்ற சட்ட மாணவரும் நண்பர்களும் 1996இல் வழக்குப் போட்டார்கள். அப்போது அந்தத் தனிக் கட்டணம் வருடத்துக்கு 331.50 டாலர். எங்கள் கொள்கைக்கு விரோதமான அமைப்புகளுக்கு எங்கள் பணம் ஏன் போக வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். கட்டணம் வாங்கலாம், ஆனால் கொள்கை பார்த்துக் கொடுக்கவும் கூடாது, மறுக்கவும் கூடாது என்று 2000 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. பெரும்பான்மை வாக்கை வைத்து ஒரு சிறு குழுவின் பணத்தை நிறுத்துவதும் செல்லாது என்பது நீதிபதி கென்னடி எழுதிய தீர்ப்பின் சாரம்.

அது நடைமுறையில் எப்படி இருக்கிறது என்பதை ஒரு நாள் நேரில் பார்த்தேன். பக்கத்து வீட்டு அக்கா மகள் பொங்கல் விழாவுக்கு நிதிக்குழுவிடம் பணம் கேட்கப் போனாள், நானும் துணைக்குப் போனேன். எதிரே இருந்த பையனுக்கு இருபது வயதிருக்கும், காலில் ரப்பர் செருப்பு. "சிகாகோவிலிருந்து பறைக் குழு இரண்டு காரில் வருவதாக எழுதியிருக்கிறீர்கள். ஒரே வேனில் வந்தால் என்ன?" என்றான். அந்த அக்கா வீட்டில் யாரும் அவளை இப்படிக் குறுக்குக் கேள்வி கேட்டதில்லை. பறைகளின் அளவையும் எண்ணிக்கையையும் சொல்லி, வேன் வாடகை இரண்டு கார் பெட்ரோலைவிட அதிகம் என்று தாளை எடுத்து நீட்டினாள். ஒருவர் முன்மொழிய, இன்னொருவர் வழிமொழிய, கை தூக்கினார்கள். அரங்க வாடகை முழுதும் கிடைத்தது, காருக்குப் பாதிதான்.

அடுத்து வந்தது கருக்கலைப்பை எதிர்க்கும் ஓர் அமைப்பு. குழுவிலிருந்த ஒரு பெண்ணின் பையில் அதற்கு நேர் எதிரான வாசகத்தோடு பெரிய பேட்ஜ் தொங்கியது. போன முறை ரசீதுகளை நேரத்தில் கொடுத்தீர்களா என்று மட்டும் கேட்டாள். கொடுத்திருந்தார்கள். முகத்தில் சிரிப்பில்லாமல் கையைத் தூக்கினாள். இந்த ஒரு கைக்காகவே என் வரிப்பணத்தை இந்தப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்கலாம் என்று தோன்றியது.

தாய்நாட்டில் பல கல்லூரிகளில் மாணவர் தேர்தலே கிடையாது. அங்கிருந்து வரும் பிள்ளைகளுக்கு இந்தக் கூட்டங்கள் முதலில் விளையாட்டாகத்தான் தெரியும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மாணவர் விசாவில் இருப்பவர்கள் பாடம் நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் சம்பள வேலை பார்க்கக் கூடாது. சங்க வேலைக்கு அப்படி வரம்பு இல்லை. அது வாரம் முழுவதையும் விழுங்கும்.

ஆகவே பெற்றோரே, போனில் பிள்ளை "பொருளாளர் ஆகியிருக்கேன்" என்றால் திட்டாதீர்கள். "தலைவர் ஆகியிருக்கேன்" என்றால் மட்டும் பரீட்சை எப்போது என்று கேட்டுவையுங்கள்.