விரலில் ஓடும் நரம்பு

விருத்தாசலம் பக்கத்து நல்லூர்க்காரர்களான எங்களுக்கு மீன் என்றால் ஆற்று மீன்தான். மணிமுத்தாறும் கோமுகியும் கலக்கும் ஊர். ஏரி வற்றினால் விராலும் கெளுத்தியும் கிடைக்கும். வஞ்சிரம் மட்டும் கடலூரிலிருந்து ஐஸில் வரும், அதுவும் துண்டாக. விருத்தாசலத்துப் பீங்கான் சூளைகளோடு வயதைக் கழித்தவன் நான். அந்தத் துண்டு முழு மீனாக இருந்தபோது எப்படிக் கைக்கு வந்தது என்று பார்க்கும் ஆசை எனக்குப் பல வருடங்களாக உண்டு. மாசி மாதம் ஒருநாள், விடிவதற்கு முன்பே, கடலூர் தேவனாம்பட்டினத்தில் ஒரு ஃபைபர் படகில் ஏறினேன்.

படகில் மூன்று பேர். இன்ஜினைப் பிடித்திருந்தவர் அறுபதைத் தாண்டியவர். வலை ஏதும் ஏற்றவில்லை. தூண்டில் நரம்பு சுற்றிய மூன்று கட்டைகள், ஒரு கொக்கிக் கம்பு, ஐஸ் பெட்டி, இவ்வளவுதான்.

கரையோரத்துக் கலங்கல் தீர்ந்து தண்ணீர் நீலமாகத் தொடங்கும் இடத்தில் பெரியவர் வேகத்தைக் குறைத்தார். "இந்த ஓரத்துலதான் தம்பி சின்ன மீன் மேயும். அதத் தேடி வஞ்சிரம் வரும்" என்றார். சற்றுத் தள்ளி ஆலாக்கள் கூட்டமாகத் தண்ணீரில் விழுந்து எழுந்துகொண்டிருந்தன. கூட்டத்துக்கு நடுவே படகை விடாமல் அதைச் சுற்றி வளைத்தார். நடுவில் புகுந்தால் கூட்டம் கலைந்துவிடுமாம்.

தூண்டில்கள் இறங்கின. நடுவில் ஒன்று நீளமாக, இரண்டு பக்கமும் குட்டையாக. பக்கத்து நரம்புகளை மூங்கில் கழிகள் வெளியே தள்ளிப் பிடித்தன, ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளாமல் இருக்க. முள்ளை ஒட்டி வெள்ளைக் கோழியிறகும் மினுங்கும் பிளாஸ்டிக் இழையும் கட்டியிருந்தார்கள். படகு ஓடும்போது அது துள்ளும் மத்தியைப் போலவே தெரிகிறது. நரம்புக்கும் முள்ளுக்கும் இடையில் ஒரு சாண் எஃகுக் கம்பி. வஞ்சிரத்தின் பற்கள் பட்டையான முக்கோணக் கத்திகள். வெறும் நரம்பு என்றால் ஒரே கடியில் அறுந்துவிடும். இந்த மீன் இரையை வாலோடு வெட்டிவிட்டுத் திரும்பி வந்து மிச்சத்தை எடுக்கும் பழக்கமுடையது. அதனால் முள் இறகுக்குள் முன்னால் இருக்காது, கடைசியில் இருக்கும்.

வஞ்சிரத்துக்கு உடலில் காற்றுப்பை கிடையாது. நீந்தாமல் நின்றால் மூழ்கும், ஆகவே அது நிற்பதே இல்லை. ஓடுகிற மீனுக்கு ஓடுகிற தூண்டில். இதைச் சூளை வேலைக்காரனான என்னால் உடனே புரிந்துகொள்ள முடிந்தது. மீன் எப்படி நடந்துகொள்கிறதோ அதன்படிதான் கருவி அமையும்.

பெரியவர் படகை நேராக ஓட்டவில்லை, பாம்பு போல வளைத்து வளைத்து ஓட்டினார். வளைவின் உள்பக்கத் தூண்டில் மெதுவாகி ஆழத்தில் இறங்கும். வெளிப்பக்கத்தது வேகம் பிடித்து மேலே ஏறும். ஒரே ஓட்டத்தில் இரண்டு ஆழம், இரண்டு வேகம். மெக்ஸிகோ வளைகுடாவில் வஞ்சிரத்தின் உறவுமீனை விளையாட்டாகப் பிடிப்பவர்கள் உயிர்மீனைக் கட்டி இன்னும் மெதுவாக இழுப்பார்கள்.

என் கையில் ஒரு நரம்பைத் தந்தார்கள். விரலில் சைக்கிள் டியூப் துண்டு சுற்றியிருந்தேன். "கையில சுத்திக்காதீங்க தம்பி. அடிச்சா விரலோட போயிடும். சும்மா விரல்மேல ஓட விடுங்க." அந்த நரம்பு பேசுகிறது என்பதை அரை மணி நேரத்தில் கண்டுகொண்டேன். அலை ஏறினால் ஒரு அதிர்வு, இறகில் பாசி சிக்கினால் ஒரு கனம். மீன் அடித்தபோது சந்தேகமே எழவில்லை. ரப்பரையும் மீறி விரல் எரிந்தது. பக்கத்திலிருந்த இளைஞர் வாங்கிக்கொண்டார். விட்டார், இழுத்தார், மறுபடி விட்டார். கொக்கிக் கம்பில் ஏறி வந்த மீனின் நீலமுதுகில் இருந்து இறங்கிய குறுக்குக் கோடுகளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏழெட்டு கிலோ இருக்கும்.

படகின் விளிம்பைத் தடவிப் பார்த்தேன். நரம்பு ஓடி ஓடி ஃபைபரில் ஒரு பள்ளம் அறுத்திருந்தது. பெரியவரின் ஆட்காட்டி விரலிலும் அதே பள்ளம். இப்படி அறுபடாமல் இருக்கத்தான் தூண்டில் கோல்களில் நரம்பு ஓடும் கண்களுக்குள் அலுமினா என்ற பீங்கான் வளையம் பதிக்கிறார்கள். நூற்பாலையில் நூல் ஓடும் இடங்களில் பீங்கான் கண் வைப்பதும் இதற்காகத்தான். உலோகத்தை நரம்பு அறுக்கும், சுட்ட மண்ணை அவ்வளவு எளிதாக அறுக்காது. இதைச் சொன்னதும் பெரியவர், "உங்க ஊர்ல செய்வீங்களா?" என்று கேட்டார்.

மொத்தம் மூன்று மீன்கள் கிடைத்தன. டீசல் கணக்கைப் பார்த்தால் பெரிய லாபமில்லை. கரையில் ஏலம் நடந்தபோது அவற்றை நீரோட்டத்தில் மிதக்கவிடும் வழிவலையில் வந்த மீன்களின் குவியலிலேயே போட்டார்கள். வலையில் மணிக்கணக்காகக் கிடந்து தோல் உரசிப் போன மீனும், உயிரோடு ஏறி உடனே ஐஸுக்குப் போன மீனும் ஒரே விலைக்குப் போனது எனக்கு வலித்தது. தூண்டில் மீனைத் தனியாக வைத்துத் தனியாகக் கூவ வேண்டும். இதை அங்கேயே சொன்னேன். ஒரு மீன்கார அக்கா மட்டும் "நான் அப்படித்தான் பாத்து எடுப்பேன்" என்றார்.

அலுமினாவைச் சுட எங்கள் சூளைக்குச் சூடு போதாது. சாதாரண மின்சாரப் பீங்கானில் நான்கு வளையங்கள் வார்த்து, மெருகு பூசி, 1,250 டிகிரியில் சுட்டு, பங்குனியில் எடுத்துப் போனேன். பெரியவர் ஒன்றை எடுத்து, உள்விளிம்பில் நகத்தை வைத்து ஒரு சுற்றுச் சுற்றினார். ஓரிடத்தில் நகம் நின்றது.

"இங்க ஒரு பிசிறு இருக்கு தம்பி. இத நரம்பு கண்டுபிடிச்சிடும்" என்று வளையத்தை என் கையில் திருப்பித் தந்தார்.