எட்டு கோர் இருந்தும்

பலெர்மோவில் சீசாக் கோட்டைப் பக்கம் குடியிருக்கும் நம் பிள்ளைகள் சிலர் மாலையில் மடிக்கணினியோடு என்னிடம் வருவார்கள். தாய் தகப்பன் இங்குள்ள வீடுகளில் வேலை செய்து வாங்கிக் கொடுத்தது. "அங்கிள், எட்டு கோர் இருக்கு, என்ர புரோகிராம் ஏன் ஒண்டிலதான் ஓடுது?" என்பார்கள்.

முன்பு இந்தக் கேள்வியே எழாது. புது சிப் வந்தால் பழைய புரோகிராமும் தானாக வேகம் பிடிக்கும். 2004 வாக்கில், சூடு தாங்காமல், கடிகார வேகம் ஏறுவது ஏறக்குறைய நின்றது. கம்பனிகள் கோர்களைக் கூட்டத் தொடங்கின. இலவசச் சாப்பாடு முடிந்தது என்று ஹெர்ப் சட்டர் 2005இல் கட்டுரைக்குத் தலைப்பே வைத்தார்.

ஆகவே வேலையைப் பிரித்து, ஒரே நேரத்தில் ஓடும் திரெட்டுகளாக எழுதத்தான் வேண்டும். ஆனால் எடுத்த எடுப்பில் எழுத விடமாட்டேன். 40 என்ற ஒரு எண்ணைக் கொடுப்பேன். இரண்டு திரெட்டும் தலா ஒன்று கூட்ட வேண்டும். ஒன்று 40ஐ வாசிக்கிறது. அது எழுதுமுன் மற்றதும் 40ஐ வாசித்துவிடுகிறது. இரண்டும் 41 என்று எழுதுகின்றன. ஒரு கூட்டல் போயே போய்விட்டது. பிழைச் செய்தியும் வராது. மறுபடி ஓட்டினால் 42 என்று சரியாக வந்து நிற்கும், அதுதான் பொல்லாப்பு.

2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவிலும் கனடாவிலுமாக ஐந்து கோடிப் பேர் இருட்டில் கிடந்ததற்கு இந்த வகைப் பிழையும் ஒரு காரணம். ஒஹாயோவில் எச்சரிக்கை மென்பொருள் சத்தமில்லாமல் நின்றுபோனது. மின் லைன்கள் விழுவது கட்டுப்பாட்டு அறைக்குத் தெரியவில்லை.

ஒரு நேரத்தில் ஒரு திரெட் மட்டும் எண்ணைத் தொடும்படி லாக் போட்டால் தீராதா? தீரும். ஆனால் ஆளுக்கொரு லாக்கைப் பிடித்துக்கொண்டு, மற்றவன் விடட்டும் என்று இரண்டு திரெட்டும் நின்றால் டெட்லாக். லாக் கூடினால் காத்திருப்பும் கூடும். பத்தில் ஒரு பங்கு வேலை வரிசையில்தான் நடக்கும் என்றால், ஆயிரம் கோர் போட்டாலும் பத்து மடங்கு வேகத்தைத் தாண்டாது. ஜீன் அம்டால் 1967இல் வைத்த வாதம் இது, இன்றும் அசையவில்லை.

என் கட்சி, பொதுவில் வைப்பதைக் குறை என்பதுதான். இங்கே சீசாவில் டுக்ரோ தளபாடத் தொழிற்சாலை இருந்தது. இப்போது கலை வளாகம். தச்சுப் பட்டறையில் ஆளுக்கொரு மேசை, பொருத்துவது கடைசியில். பெரிய கோப்பில் சொற்களை எண்ணும் பயிற்சியையும் அப்படித்தான் செய்யச் சொல்வேன்: ஒவ்வொரு திரெட்டுக்கும் தன் கணக்கு, முடிவில் ஒரே கூட்டல்.

"அந்தக் கூட்டலையும் பிரிக்கேலாதோ?" என்றாள் ஒருத்தி.

திரெட்டைத் தொடக்குகிற நேரத்துக்குள்ளே எட்டு எண்ணைக் கூட்டி முடித்துவிடலாம், அளந்து பார் பிள்ளை என்றேன்.