பனி உண்டோ?

போன வாரம் இங்கே புனேயில் டாக்டருக்காகக் காத்திருந்தபோது பக்கத்தில் ஒருவர் லொக் லொக்கென்று இருமித் தள்ளினார். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு மட்டும் கோட்டுகால் ஞாபகம் வந்துவிட்டது.

2020 ஜூலை. நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒரு வங்கிக் கிளையில் வேலை, கோட்டுகாலில் வாடகை வீடு, தனிக்கட்டை. தங்கமணியும் மகளும் கோவில்பட்டியில். மற்ற நாளென்றால் காலையில் பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு வீடு. அப்போதோ களியக்காவிளையைத் தாண்ட இ-பாஸ். திரும்பி வந்தால் 14 நாள் தனிமை.

ஜூலை 17-ஆம் தேதி முதல்வர் பினராயி விஜயன் பூந்துறையிலும் புல்லுவிளையிலும் சமூகப் பரவல் என்று அறிவித்தார். புல்லுவிளையில் 97 பேரைச் சோதித்ததில் 51 பேருக்குத் தொற்று. அந்தக் கடற்கரை ஊர் எங்களுக்குக் கூப்பிடு தூரம் மாதிரிதான். அந்த வாரம் பார்த்து எனக்குத் தொண்டை கரகரத்தது, ராத்திரியில் காய்ச்சல்.

காலையில் ஒரு டோலோ போட்டுக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். வாசலில் பலாமரத்தடியில் மேஜை, நோட்டு, நூல் கட்டிய பேனா (நம்ம பேங்கில்தான் பேனாவைக் கட்டிப்போடுவோம் என்று நினைத்திருந்தேன்!). பாதுகாப்பு உடைக்குள் வேர்த்து வழிய ஒரு சிஸ்டர்.

"பனி உண்டோ?"

மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். ஒரு வருடம் அங்கே குப்பை கொட்டியவனுக்கு அது தெரியாதா? ஆனாலும் ஜூலையில் ஏது பனி என்று மனசுக்குள் தமிழில் சமாதானம் சொல்லிக்கொண்டு "இல்லை" என்றேன். நோட்டிலும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கடன் விண்ணப்பத்தில் ஒரு பொய்யைக் கண்டால் கிழித்துத் தோரணம் கட்டுகிற ஆசாமி நான். பயம்தான். ஆம்புலன்ஸ் வந்தால் தெருவே வேடிக்கை பார்க்கும், கிளையை மூடுவார்கள், கோவில்பட்டியிலிருந்து யாரும் வரமுடியாது.

நெற்றிக்கு நேரே நீட்டிய கருவியும் எனக்குச் சாதகமாகத்தான் சொன்னது. ஆனால் சட்டைப்பையிலிருந்து டோலோ அட்டை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"குளிக கழிச்சிட்டல்லே வந்தது, சாரே?"

மாத்திரை போட்டுட்டுத்தானே வந்தீங்க என்கிறார். குரலில் கோபமே இல்லை, அதுதான் உறைத்தது. நோட்டை என் பக்கம் தள்ளி, என் கையாலேயே திருத்தி எழுதச் சொன்னார்.

டாக்டர் வெளியிலேயே நிற்கவைத்துப் பார்த்துவிட்டு ஆன்டிஜென் பரிசோதனைக்கு அனுப்பினார். நெகட்டிவ். அறிகுறி இருந்தால் அதை நம்பி விட்டுவிடக்கூடாது, ஆர்டி-பிசிஆரும் எடுக்கணும், ஐ.சி.எம்.ஆர். ஜூனிலேயே சொல்லியிருக்கிறது என்று போனில் படித்துப் படித்துச் சொன்னார். சரி சரி என்றேன். எடுக்கவில்லை. மூன்று நாளில் காய்ச்சல் விட்டது, பென்ஷன் வாங்க வந்த பெரியவர்களுக்கு எதிரே போய் உட்கார்ந்துவிட்டேன்.

பத்து நாள் கழித்து கிளினிக் கதவில் ஒரு காகிதம். ஊழியருக்குத் தொற்று, மூடியிருக்கிறது. என்னாலா, வேறு யாராலா? எந்த ஊழியர் என்றுகூட நான் விசாரிக்கவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் பிரஷர் மாத்திரைக்காகப் போனேன். அதே மரத்தடி, அதே சிஸ்டர். இளைத்திருந்தார்.

"பனி உண்டோ?"

இல்லை என்றேன், இந்த முறை நிஜமாகவே. அவர் என் சட்டைப்பையை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் கருவியை நீட்டினார்.